ஓய்ந்த போரும் ஓயாத அழுகையும்

போர் எந்நாளில் முடிகிறது என்னும் வினாவிற்கு வரலாற்று நூல்கள் எளிதில் விடை கூறிவிடும். இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முல்லைத்தீவுக் கடற்கரையில் முடிவுற்றது என்று அவை எழுதும். படைக்கலம் ஏந்தியவர்க்கு அஃது உண்மையாக இருக்கலாம். படைக்கலம் எதனையும் தொட்டறியாத தாயர்க்கும் முதியோர்க்கும் சிறார்க்கும் அது எந்நாளில் முடிந்தது? நள்ளிரவில் கதவு தட்டும் ஓசை கேட்டால் இன்றும் உடல் நடுங்குபவர்க்கும், திரும்பி வாராத மகனுக்காக வாயிலைப் பார்த்திருக்கும் தாய்க்கும் அது முடிந்துவிட்டதா? இவ்வினாவைத் தமிழ்த்துறை மலர் ஒன்றில் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அங்கே அழுதவர்கள் தமிழில் அழுதார்கள்.

நம் இலக்கண நூலார் போரைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். ஆநிரை கவர்தல், பகைவர் மண்மேற் செல்லுதல், அரணை முற்றுதல், நேர்நின்று பொருதல் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் அதனை வகுத்துக் காட்டும். ஆயினும் அவ்வகைப்பாடு பெரிதும் மறவனின் நிலையிலிருந்து செய்யப்பட்டதே. முற்றுகைக்குப் பின் எஞ்சியிருக்கும் குடிமக்களின் உள்ளத்திற்கு அதிற் கிடைத்த இடம் சிறிது. அக்குறையைப் புறநானூற்றின் ஒரு சிறு பாடல் நிறைவு செய்கிறது. மூவேந்தர் முற்றுகையால் தந்தையையும் பறம்புமலையையும் இழந்த பாரி மகளிர், முழுநிலவைக் கண்டதும் சென்ற திங்களின் முழுநிலவை நினைக்கின்றனர். அன்று இருந்தவை இன்று இல்லை என்பதே அப்பாடலின் பொருள். துயர் நேர்ந்த நாள் மீண்டும் வருங்கால் துயரும் உடன் மீண்டு வருதலை இக்கால உளமருத்துவர் எடுத்துரைக்கின்றனர். நம் முன்னோர் அதனை நிலவொளியிலேயே கண்டிருந்தனர்.

மருத்துவம் தாமதமாகக் கண்ட காயம்

போர் உள்ளத்தில் ஏற்படுத்தும் காயத்தை மருத்துவ உலகம் முதலிற் படைவீரரிடமே கண்டது. முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளிற் கிடந்த வீரர் பலர், உடலிற் காயமின்றியே நடுங்கினர்; சிலர் பேச்சிழந்தனர். அந்நிலைக்குக் 'குண்டதிர்ச்சி' எனப் பெயரிட்டனர். அதனைக் கோழைமை என்று இகழ்ந்தாரும் உண்டு. பின்னர் வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்க வீரர்களின் அல்லல் பெரிதாகப் பேசப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டு நூலில் இதற்கெனத் தனியிடம் அளித்தது. நெருக்கீட்டிற்குப் பிந்தைய மனவடு நோய் என்று தமிழில் இதனை வழங்கலாம். நடந்து முடிந்த கொடுமை கண்முன் மீண்டும் நடப்பது போலத் தோன்றுதல், தீக்கனவு, அந்நிகழ்வை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல், சிற்றொலிக்கும் திடுக்கிடுதல் ஆகியன இதன் குறிகளாம்.

படைவீரனுக்கும் குடிமகனுக்கும் ஈண்டு ஒரு வேறுபாடு உண்டு. வீரன் போர்க்களத்திலிருந்து வீடு திரும்புகிறான். குடிமகனுக்கோ வீடே போர்க்களமாகிவிடுகிறது. அவன் திரும்பிச் சென்று இளைப்பாறுதற்கு வேறோர் இடம் இல்லை. ஆதலால் அவன் காயம் அவனோடு மட்டும் நிற்பதில்லை. குடும்பத்தையும் ஊரையும் பற்றுகிறது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இவ்வுண்மையையே வலியுறுத்தி வந்தார். 1998இல் வெளிவந்த 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்னும் அவரது ஆங்கில நூல் தனிமனிதர் உள்ளத்து வடுக்களை விளக்கியது. தொடர்ந்து அவர் எழுதியவை, ஒரு சமுதாயமே வடுப்படும் முறையை ஆராய்ந்தன. ஒருவரையொருவர் நம்பாமை, வாய்திறவாமை, பிறர் உதவியையே எதிர்பார்த்திருத்தல், முயற்சியின்மை ஆகியவற்றை அவர் சோம்பலென்றோ இழிகுணமென்றோ கொள்ளவில்லை. போர் ஒரு சமுதாயத்தின் மேல் விட்டுச் சென்ற நோய்க்குறிகள் என்றே கண்டார்.

இரண்டு அக்டோபர்கள்

இதனை விளங்கிக்கொள்ள, ஒரே மண்ணில் ஐந்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை நினைவுகூர்தல் வேண்டும்.

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்கள் தொகை ஏறத்தாழ 75,000. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் அக்டோபர் 30ஆம் நாள் ஒஸ்மானியாக் கல்லூரியை அடுத்த மைதானத்திற்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் நீங்கிச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். நகையும் பணமும் வீட்டுப் பத்திரங்களும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, தமிழ் அயலாரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த மக்கள், புத்தளத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த குடிசைகளில் அகதிகளாயினர்.

சரியாக ஐந்தாண்டுகள் கழிந்தன. 1995ஆம் ஆண்டு அதே அக்டோபர் 30ஆம் நாள், இலங்கைப் படையினர் யாழ் நகரை நெருங்கிய வேளையில், வலிகாமத்துத் தமிழ் மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டுமெனப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில், இரவு முழுதும் குழந்தைகளையும் முதியோரையும் சுமந்துகொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவர்களுள் பலர் அதன்பின் வன்னிக்குச் சென்றனர். அங்கிருந்தும் பெயர்ந்து பெயர்ந்து, இறுதியில் 2009இல் முள்ளிவாய்க்கால் மணலிற் சிக்கினர். அவ்விறுதி மாதங்களில் மாண்ட பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் அவையின் செயலாளர் நாயகம் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது.

ஒரே நாளைத் துயர நாளாகக் கொண்ட இவ்விரு மக்களும் ஒருவர் துயரை ஒருவர் அறிந்தனரா? தமிழ்நாட்டு மேடைகளில் நாம் தாமும் இவ்விரண்டையும் ஒருங்கே பேசியதுண்டா? ஈழத்துயர் பேசுவோர் பலர் 1990ஐப் பேசுவதில்லை. 1990ஐப் பேசுவோர் பலர் 2009இல் வாய்மூடுகின்றனர். ஒரு தாயின் கண்ணீரை மறைத்து மற்றொரு தாயின் கண்ணீரைக் காட்டுதல் நீதியாகாது என்பது என் துணிபு.

அழுகை பிறக்கும் நான்கு இடங்கள்

இனி, இக்காயம் ஏன் ஆறவில்லை என்பதை ஆராய்வோம். 'காலம் ஆற்றும்' என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். காயத்தை உண்டாக்கிய காரணங்கள் நீங்கினாலன்றோ காலம் ஆற்றும்? இவ்விடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்கு நல்ல துணையாகிறது. அழுகை என்னும் மெய்ப்பாடு நான்கு இடங்களிற் பிறக்கும் என்கிறது அந்நூல். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. முன்னிருந்த நல்ல நிலையினின்றும் தாழ்ந்து வருந்துதல் அசைவு. துய்ப்பதற்கின்றி வாடுதல் வறுமை. போருக்குப் பிந்தைய குடிமக்களின் நிலையை இந்நான்கைவிடச் செறிவாக வகுத்துரைத்தல் அரிது.

முதலில் இளிவு. புத்தளத்தில் வந்து தங்கியோர்க்கு அவ்வூர் மக்கள் தொடக்கத்திற் சோறிட்டு இடமும் கொடுத்தனர். அந்நன்றி மறக்கற்பாலதன்று. ஆயின் ஆண்டுகள் நீள நீள, நிலத்திற்கும் நீருக்கும் பள்ளிக்கூடத்திற்கும் போட்டி உண்டாயிற்று. 'அகதி' என்னும் சொல் ஒரு நிலையைக் குறிப்பது போய், ஒரு குலப்பெயர் போல ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் காணாது புத்தளத்திலேயே பிறந்த குழந்தைகளும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். போர் முடிந்த பின், இடம்பெயர்ந்தோரைப் 'பழையவர்' என்றும் 'புதியவர்' என்றும் அரசு பிரித்தது. இருபதாண்டு காத்திருந்த பழையவர் உதவியிற் பின்தள்ளப்பட்டனர். தம் துயர் காலாவதியாகிவிட்டது என்று பிறர் சொல்லக் கேட்பதினும் பெரிய இளிவு யாது?

அடுத்தது இழவு. இறந்தோரை அடக்கம் செய்தவர் அழுது ஓய்வர். காணாமற் போனோரின் உறவினர்க்கு அழவும் இயலாது, அழாதிருக்கவும் இயலாது. அழுதால் மகன் இறந்தான் என்று ஏற்றுக்கொண்டதாகும். அழாவிடில் நெஞ்சு வெடிக்கும். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் சாலையோரத்தில் அமர்ந்து, படையினரிடம் ஒப்படைத்த தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டனர். கேட்டவாறே மாண்டுபோன பெற்றோரும் பலர். மரணச் சான்றிதழுக்கு ஈடாகக் காணாமைச் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் வந்தது. காகிதம் எதனையும் பெற மறுத்த தாயர் பலர், உண்மை ஒன்றையே கேட்டனர். கிழக்கில் 1990ஆம் ஆண்டு ஜூலை மாதம் குருக்கள்மடத்திற் கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் குடும்பத்தாரும், அவ்வுடல்களைத் தோண்டியெடுத்து முறைப்படி ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்க வேண்டுமெனப் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்தனர். கணவன் உயிரோடு உளனா என்றறியாத மனைவி இத்தா இருப்பதா, காத்திருப்பதா என்று கலங்குகிறாள். பொட்டழிப்பதா, வேண்டாவா என்று மற்றொருத்தி கலங்குகிறாள். சடங்கு வேறு; கலக்கம் ஒன்றே.

மூன்றாவது அசைவு. யாழ்ப்பாணத்திற் கடை வைத்திருந்தவர் புத்தளத்து உப்பளத்திலும் கற்பிட்டி வெங்காயத் தோட்டத்திலும் கூலி வேலைக்குச் சென்றனர். நெடுங்காலம் கழித்து ஊர் திரும்பியோர் கண்டவை கூரையற்ற சுவர்களும் காடு மண்டிய முற்றங்களுமே. பத்திரம் பறிபோனமையால் தம் வீட்டைத் தம் வீடென்று நிறுவவும் இயலாமல் அல்லற்பட்டோர் உளர். நான்காவதாகிய வறுமை, மற்ற மூன்றையும் நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

எண்கள் கூறும் உண்மை

இக்கருத்து இலக்கணக் கற்பனையன்று. புத்தளம் மாவட்டத்தில் இருபதாண்டுகளுக்கு மேலாக இடம்பெயர்ந்து வாழ்ந்த வடபுல முஸ்லிம்கள் 450 பேரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2013இல் வெளியிடப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம் மனநலக் குறைபாடு காணப்பட்டது. அவற்றுட் பெரும்பங்கு, மருத்துவக் காரணம் புலப்படாத உடல் நோவுகளாகும். நூற்றுக்கு 14 பேரிடம் அவை இருந்தன. மனவடு நோய் எனப் பெயர் பெற்றதோ நூற்றுக்கு 2.4 பேரிடமே. வேலையின்மை, துணையை இழந்தோ பிரிந்தோ வாழ்தல், உணவுக்கு உறுதியின்மை ஆகியன இக்குறைபாட்டோடு நெருங்கிய தொடர்புடையனவாயிருந்தன. இழவும் அசைவும் வறுமையும் என்று தொல்காப்பியர் சொன்னவற்றையே இவ்வாய்வு வேறு சொற்களிற் கூறுகிறது.

தலைவலி, நெஞ்சடைப்பு, கைகால் உளைவு என்று மருத்துவமனைக்குச் செல்லும் பெண், மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுகிறாள். வாய் சொல்லாததை மெய் சொல்கிறது. அதனாலன்றோ நம் முன்னோர் அதற்கு மெய்ப்பாடு எனப் பெயரிட்டனர்!

போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலேயே யாழ் மாவட்டத்தில் நடத்தப்பெற்று 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், நூற்றுக்கு 7 பேரிடம் மனவடு நோயும், ஏறத்தாழ 22 பேரிடம் மனச்சோர்வும், ஏறத்தாழ 33 பேரிடம் பதற்றமும் காணப்பட்டன. அந்நாளிலும் வீடு திரும்பாதிருந்தோரிடம் இவை மேலும் மிகுதியாக இருந்தன. வீடு கிடைப்பதும் மருந்தே என்பது இதனாற் புலனாகும்.

மூன்று தடைகளும் விடைகளும்

இதனைக் கேட்போர் சிலர் மூன்று தடைகளை எழுப்புவர். 'பழம் புண்ணைக் கிளறாதீர்' என்பது ஒன்று. உள்ளே சீழ் இருக்கத் தோல் மூடிய புண்ணை எந்த மருத்துவரும் ஆறிய புண் என்னார். காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இஷாத் தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்ட பள்ளிவாசற் சுவரில், குண்டு பாய்ந்த அடையாளங்கள் அப்படியே பாதுகாக்கப்படுகின்றன. நினைவு வைத்திருத்தல் வேறு. பகை வளர்த்தல் வேறு. நினைவுக்கு இடங்கொடாத சமுதாயத்தில் பகையே மறைவாக வளரும்.

'எல்லாருந்தாம் துன்புற்றனர்; இவர்க்கு மட்டும் என்ன?' என்பது இரண்டாவது தடை. எல்லாரும் துன்புற்றமையால் எல்லாருக்கும் ஆறுதல் வேண்டும் என்பதே அதற்கு விடை. 2002ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தைக் காலத்தில் முஸ்லிம்களை வெளியேற்றியமைக்குப் புலிகள் தரப்பு வருத்தம் தெரிவித்தது. அது காலந்தாழ்ந்து வந்தது; முழுமையானதன்று என்பாரும் உளர். எனினும் 'எமக்குத் தீங்கு நேர்ந்தது என்பதை அவர்களே ஒப்பினர்' என்னும் எண்ணம், இளிவென்னும் காயத்திற்கு ஓரளவேனும் மருந்தாகும். இலங்கை அரசு 2009 பற்றி அத்தகைய ஒப்புதலைத் தராமற் கடத்திய ஒவ்வோராண்டும் அம்மருந்து மறுக்கப்பட்ட ஆண்டேயாகும்.

'இறைநம்பிக்கை உடையவர்க்கு மனநோய் வருமா?' என்பது மூன்றாவது தடை. பெரியோர் சிலரும் நல்லெண்ணத்தோடு இதனைக் கேட்பதுண்டு. மகன் யூசுப் (அலை) அவர்களைக் காணாது யஃகூப் நபி (அலை) அவர்கள் அழுதழுது கண்ணொளி மங்கியதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அழகிய பொறுமை உடையவர் என்று போற்றப்பெற்ற அந்நபியின் நம்பிக்கையில் குறை காண்பார் உண்டோ? இன்னமும் அவனையே நினைத்திருப்பீரோ என்று வீட்டாரே அவரைக் கடிந்தனர் என்பதும் அங்கே உளது. காணாமற் போன பிள்ளையின் தந்தை அன்று கேட்ட கடுஞ்சொல்லையே இன்றைய தாயரும் கேட்கின்றனர். துயருறுதல் நம்பிக்கைக் குறைவன்று. நம்பிக்கை துயரை ஆற்றுதற்குத் துணையாகும். தம்மை நாடி வந்தோரை அமைதிப்படுத்த, இந்துக்களுக்கு ஓங்கார மந்திரத்தையும் முஸ்லிம்களுக்குத் திக்ரையும் அவரவர் மரபுப்படி பயன்படுத்தலாம் என்று உளமருத்துவர் சோமசுந்தரமே எழுதியுள்ளார்.

நாம் செய்யத்தக்கன

கடலுக்கு அப்பால் நடந்ததற்கு நாம் என் செய்வது என்று ஒதுங்குதற்கில்லை. 1983 முதல் கடல் கடந்து வந்தோரும் அவர்தம் மக்களுமாக 50,000க்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து வந்ததை அறிவோம். அகதிகள் முகாம் என்னும் பெயரை 2021இல் தமிழ்நாடு அரசு மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயர் மாற்றம் இளிவைக் குறைக்கும் நற்செயலே. வறுமையையும் அசைவையும் குறைப்பதற்கு அதனினும் மிகுதியாகச் செய்ய வேண்டும். அம்முகாம்களிலிருந்து நம் கல்லூரிகளுக்கு வரும் மாணவர் உண்டு. வகுப்பில் வாய்திறவாத மாணவனை மந்தன் என்று முடிவு கட்டுமுன், அவன் வீட்டார் எதனைக் கடந்து வந்தனர் என ஆசிரியர் ஒருமுறை எண்ணிப்பார்த்தல் வேண்டும். பட்டாசு வெடிக்கும்போது காதைப் பொத்தும் தோழியை மாணவியர் நகையாடாதிருத்தல் வேண்டும். இவை சிறு செயல்கள். ஆயினும் இளிவைத் தடுக்கும் செயல்கள்.

தமிழ்த்துறைக்கு மேலும் ஒரு கடன் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்து முஸ்லிம்களும் தமிழர்களும், புத்தளத்து முகாமினரும், வன்னி மக்களும் எழுதிய கவிதைகளும் கதைகளும் தன்வரலாறுகளும் பல. அவற்றை ஒருங்கே வைத்துக் கற்கும் பாடத்திட்டமும், ஒருங்கே ஆராயும் ஆய்வேடுகளும் நம்மிடம் வளர வேண்டும். 1990 அக்டோபரையும் 1995 அக்டோபரையும் ஒரே வகுப்பறையில், ஒரே மாணவர் கூட்டம் படிக்கட்டும். ஒருவர் துயரை மற்றவர் படிக்கும்போதே பகை தளரத் தொடங்கும்.

சமுதாயப் பெரியோரிடம் நாம் வேண்டுவது, செவிகொடுத்துக் கேட்பதை ஓர் அறமாகக் கொள்ளுங்கள் என்பதே. உணவும் உடையும் வழங்குவதில் நம்மவர் என்றும் முன்நிற்பர். துயருற்றவர் சொல்லி முடிக்கும்வரை அருகமர்ந்து கேட்பதும் தருமமே. அதற்குப் பொருட்செலவும் இல்லை. ஆயின் அதனோடு நின்றுவிடலாகாது. காணாமற் போனோர் பற்றிய உண்மை வெளிப்பட வேண்டும். பறிக்கப்பட்ட நிலம் உரியவர்க்கு மீள வேண்டும். வாழ வழி வேண்டும். நேர்ந்த தீங்கு தீங்கென்று ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். இந்நான்கும் நிறைவேறும்வரை மருத்துவர் தரும் மாத்திரை உறக்கம் தரலாம், ஆறுதல் தாராது.

இழவும் இளிவும் அசைவும் வறுமையும் நீங்கும் நாளிலேயே ஒரு குடிமகனுக்குப் போர் முடிகிறது. அந்நாள் வரும்வரை, அழுபவர் எம்மதத்தினர், எக்கட்சியினர் என்று கேளாது, அவர் அழுகை நம் மொழியில் ஒலிக்கிறது என்ற ஒன்றையேனும் நினைவிற்கொண்டு அவர் பக்கம் நிற்போமாக.